கோடை விடுமுறைக்குப் புத்தகம் கொடுத்து அனுப்புவது எப்படி? ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முழு வழிகாட்டி

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், ஏப்ரல் கடைசி வேலை நாளில், ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் 10 புத்தகங்களின் பெயரை எழுதிப் போட்டேன். "லீவுல இதுல அஞ்சாவது படிங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் கதைச்சுருக்கம் எழுதிக்கிட்டு வாங்க" என்றேன். ஜூனில் 34 நோட்டுகள் மேசைக்கு வந்தன. நான்காவது நோட்டில் சந்தேகம் வந்தது, ஒன்பதாவதில் உறுதியாகிவிட்டது. யாரோ ஒரு பிள்ளை 'கிழவன்' என்பதைக் 'கிளவன்' என்று எழுதியிருந்தாள். அந்தக் கிளவன் 34 நோட்டிலும் இருந்தான்.

கோபமாகத்தான் வகுப்புக்குப் போனேன். ஒரு பையன் எழுந்து, "புஸ்தகம் எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை. அவன் ஊரில் புத்தகக் கடை கிடையாது. கிளை நூலகத்துக்கு 7 கிலோமீட்டர் போக வேண்டும், பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் பட்டியல்தான் கொடுத்திருந்தேன், புத்தகம் கொடுக்கவில்லை. எழுதச் சொல்லியிருந்தேன், அவர்கள் சொல்வதைக் கேட்க ஆள் ஏற்பாடு செய்யவில்லை. பிள்ளையின் கையில் புத்தகமும், படித்ததைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆளும் இருந்தால் கோடை வாசிப்பு நடக்கும் என்பது அப்புறம் வந்த வருடங்களில் தெரிந்துகொண்டது. அதற்கு என்னென்ன செய்கிறேன் என்பதை மாத வாரியாகச் சொல்கிறேன்.

மார்ச்: பீரோவைத் திறப்பது

நம் அரசுப் பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைச் சிறு புத்தகங்கள், ஊஞ்சல், தேன்சிட்டு பழைய இதழ்கள், பல வருடங்களாக வந்து சேர்ந்த கதைப் புத்தகங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பி எண்ணுங்கள். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தால், பாதிப் பேர் எண்ணுவதை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். எந்தப் புத்தகத்தில் அப்படி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோ பூட்டியே இருப்பதற்குக் காரணம் பயம். தொலைந்தால் யார் கட்டுவது, தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம், தலைமையாசிரியர் இடத்தில் இருந்து பார்த்தால் நியாயமான பயம்தான். எங்கள் பள்ளியில் மார்ச் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, கோடைக்கு நூல்கள் வழங்கப்படும், கிழிந்தாலோ தொலைந்தாலோ பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். முன்னாள் மாணவர்களிடம் கேட்டு வாங்கிய புத்தகங்களுக்குத் தனிப் பதிவேடு போட்டோம். முதல் வருடம் அவற்றை மட்டும் வெளியே விட்டோம். ஜூனில் பெரும்பாலும் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு பீரோச் சாவி எங்கள் கைக்கு வந்துவிட்டது.

புத்தகம் போதாது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 34 பிள்ளைகள், ஆளுக்கு 2 புத்தகம் என்றால் 68. ஒரே தெருவில் இருக்கும் 5 பேரை ஒரு குழுவாக்கி, ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்கு வராமல் கொடுத்தால், அந்தத் தெருவுக்குள் 10 புத்தகங்கள் சுற்றும். ஒவ்வொருவருக்கும் 10 புத்தகம் படிக்கக் கிடைக்கிறது. அதனால் வரிசை எண்படி பிரிக்காதீர்கள், தெருப்படி பிரியுங்கள். அட்டை போட உரக்கடை, நகைக்கடை மாதக் காலண்டர் தாளைவிட நல்லது எதுவும் இல்லை. தடிமனாக இருக்கும், சீக்கிரம் கிழியாது.

புதிதாக வாங்க வாய்ப்பு இருந்தால் தர்மபுரிப் புத்தகத் திருவிழாவுக்கும், ஓசூரில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கும் பிள்ளைகளையும் அழைத்துப் போய் அவர்கள் கைகாட்டுவதை வாங்குங்கள். காசே இல்லை என்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். பெரிய பிள்ளைகளுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கின்றன.

ஏப்ரல் முதல் வாரம்: ஒவ்வொரு பிள்ளையும் படிப்பதைக் கேட்பது

இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எதைச் செய்தாலும் பலன் பாதிதான். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து, ஒரு நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வருவதற்கும் போவதற்கும் சேர்த்து ஆளுக்கு 2 நிமிடம். இரண்டு பாடவேளையில் வகுப்பே முடிந்துவிடும். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைகூட 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற சொல் வந்தால் பாதி வழியில் நின்றுவிடும். எழுத்து தெரியாமல் நிற்பதில்லை, எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் நிற்கிறது. பென்சிலால் படித்து, கொண்டு, இருந்தவர்களுக்கு, எல்லாம் என்று சின்னக் கோடு போட்டுக் கொடுங்கள், அடுத்த முறை ஓடிவிடும். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். உரைநடையில் தட்டுத்தடுமாறும் பிள்ளை, பேச்சு வரும் இடத்தில் குரலே மாறிச் சரளமாகப் படிக்கும். "எங்கடா போற?" என்பது அது தினமும் கேட்கும் தமிழ். அதனால் தடுமாறும் பிள்ளைகளுக்கு உரையாடல் நிறைந்த கதைகளைத் தேடிக் கொடுங்கள். மெல்லிய புத்தகம் என்பதற்காக அறிவுரைக் கட்டுரைகளைக் கொடுக்காதீர்கள்.

கேட்டு முடித்ததும் மூன்று வகையாகக் குறித்துக்கொள்வேன். தனியாகப் படித்துவிடுவார்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் படிப்பார்கள், இப்போதைக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வகைப் பிள்ளைகளைத்தான் நாம் வழக்கமாக விட்டுவிடுகிறோம். அவர்களுக்குத் தெருக்குழுவில் ஓர் அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருக்கும்படி பாருங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அவர்களுக்குப் படப் புத்தகத்தை மட்டும் கொடுத்து, வீட்டில் யாரையாவது படித்துக் காட்டச் சொன்னால் போதும்.

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர், பேரிகைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். தமிழில் படித்த கதையை வீட்டில் அவ்வாவிடம் தெலுங்கிலேயே சொல்லட்டும், அஜ்ஜியிடம் கன்னடத்திலேயே சொல்லட்டும். கதை புரிந்திருந்தால்தான் இன்னொரு மொழியில் சொல்ல முடியும். நாம் வைக்கும் எந்தத் தேர்வையும்விட அது நல்ல தேர்வு.

"மே மாசம் நீ எங்க இருப்ப?"

அதே வாரத்தில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை இதைச் செய்த அன்று, ஏழு வருடமாக இந்தப் பள்ளியில் பாடம் நடத்தியும் எனக்கு இவர்களைத் தெரியாது என்று தோன்றியது. "பெங்களூர், அப்பா கட்டட வேலை செய்யற எடம்." "திருப்பூர் மாமா வீடு." "ஆயா ஊரு, அரூர் தாண்டி." "மாந்தோப்புல, அப்பா காவல்." "வீட்டுலதான், தம்பியப் பாத்துக்கணும்." ஒவ்வொரு சீட்டுக்கும் வேறு திட்டம் வேண்டும்.

பெங்களூருக்குப் போகிற பிள்ளை தகரக் கொட்டகையில் பெரும்பாலும் தனியாக இருக்கும். பேச ஆள் இல்லை. அதற்குத் தெருக்குழு உதவாது. இரண்டுக்குப் பதில் 4 மெல்லிய புத்தகங்கள் கொடுங்கள். அப்பாவின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டு, ராத்திரி அவர் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பிள்ளை உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்படி சொல்லி வையுங்கள். ஆயா ஊருக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் புத்தகம் ஆயாவுக்கும் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும். நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு என்றால் பேத்தி ஒன்று படிப்பாள், ஆயா பதிலுக்கு இரண்டு சொல்லுவார். அந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்குப் படப் புத்தகம் கொடுத்துவிடுங்கள், இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும்.

கோடையில் நம் ஊர்ப் பக்கம் புளி உடைக்கும் வேலை இருக்கும். ஒருநாள் சாயங்காலம் ஒரு தெருவுக்குப் போனேன். வாசலில் சாக்கு விரித்து நாலு பெண்கள் புளியம்பழத்தின் ஓட்டை உடைத்து, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் எட்டாவது படிக்கிற என் மாணவி உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். புளி உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்புறம் என்னாச்சு, படி கண்ணு" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அந்தப் பெண் படிக்கப் படிக்க அவர் கையில் இருந்த கட்டை மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்தது. கதை முடிகிற இடத்தில் கொஞ்ச நேரம் எல்லாக் கையும் நின்றிருந்தது. அதற்கப்புறம் எந்தப் பிள்ளையின் சீட்டில் வீட்டு வேலை என்று இருந்தாலும், வேலை நடக்கிற இடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிற மாதிரி புத்தகம் தேடிக் கொடுக்கிறேன்.

தேர்ந்தெடுப்பது பிள்ளைதான்

கடைசி வாரத்தில் ஒரு மதியம் புங்கமரத்தடியில் புத்தகங்களைப் பரப்பிவிடுங்கள். எடுத்துப் பார்க்கட்டும், திருப்பி வைக்கட்டும். கஷ்டமா எளிதா என்று பார்க்க ஐந்து விரல் முறை சொல்லிக் கொடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஐந்து மடங்கியும் "எனக்கு இதுதான் வேணும்" என்று ஒரு பிள்ளை பிடிவாதம் பிடித்தால் கொடுத்துவிடுங்கள். ஆசை இருக்கிற பிள்ளை ஆறாவது சொல்லையும் தாண்டிவிடும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற ஆய்வாளர்கள் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தாங்களாகவே தேர்ந்தெடுக்க விட்டு, கோடைக்கு 12 புத்தகம் வீதம் 3 கோடைகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். புத்தகம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள், மிகவும் ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகமாக இருந்தது. அங்கே கொடுத்ததும் பிள்ளைகள் விரும்பியதைத்தான். சினிமா நடிகர், கிரிக்கெட், பேய்க்கதை எதை எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள்.

ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிற பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் சண்டைக்கு வருவார்கள். "பாடப் புஸ்தகத்த மொதல்ல படிக்கட்டும் சார்." நான் அவர்களிடம் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் அனுமதி கேட்பேன். கேள்வியைச் சரியாகப் படித்துப் புரிந்துகொள்ளாமல் மதிப்பெண் விடுகிற விடைத்தாள்களை எடுத்துக் காட்டுவேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

என்ன எழுதச் சொல்வது

கதைச்சுருக்கம் வேண்டாம். பார்த்து எழுதத் தோதானது அதுதான். நான் கேட்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று வரிதான்: எந்தப் பக்கம் வரை படித்தாய், உனக்குப் புதிதாகக் கிடைத்த ஒரு சொல், அந்தக் கதையில் வரும் ஒருவரிடம் நீ கேட்க நினைக்கும் ஒரு கேள்வி. மூன்றாவது வரியை யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. "நீ ஏன் உங்க அம்மாகிட்ட சொல்லல?" என்று கதையில் வரும் சிறுவனைக் கேட்டிருந்தாள் ஒரு ஆறாம் வகுப்புப் பெண். அந்தக் கேள்வியை வைத்து அவளுடைய வீட்டு நிலவரமே எனக்குத் தெரிய வந்தது, உதவியும் செய்ய முடிந்தது.

முடிக்காத புத்தகத்தையும் எழுதலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எழுத விரும்பாதவர் வரையலாம், அஞ்சலட்டையில் எழுதிப் பள்ளி முகவரிக்குப் போடலாம்.

பிள்ளைகளுக்கு நேராக ஒரு வார்த்தை: ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். வெயில் ஏறுவதற்கு முன்னாலோ, சாயங்காலம் மாடு பிடித்துக் கட்டிய பிறகோ, தினமும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மாற்றிக்கொள்ளுங்கள். தெரியாத சொல்லுக்காக நிற்காதீர்கள். முன்னும் பின்னும் படித்தால் பாதிச் சொல் தானாகவே புரியும்.

மே: நடுவில் ஒருமுறை

கொடுத்தனுப்பிவிட்டு ஜூன் வரை மறந்துவிட்டால் இரண்டாம் வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். மே நடுவில் ஒரு சாயங்காலம், ஊர்ப் பிள்ளையார் கோயில் திண்ணையிலோ ஆலமரத்தடியிலோ தெருக்குழுக்களைச் சேர்த்துப் புத்தகம் மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். ஆசிரியர் வர முடியாவிட்டால் கல்லூரிக்குப் போகிற முன்னாள் மாணவர் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஊர்ப்புற நூலகம் இருந்தால் அங்கேயே கூடி, அன்றைக்கே உறுப்பினர் சேர்க்கையையும் முடித்துவிடலாம். படிக்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். போட்டோவுக்காகப் பிடித்த புத்தகம் போட்டோ எடுத்ததும் மூடிவிடும்.

நம் மாவட்டங்களில் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். ஊரே உட்கார்ந்து கதை கேட்கிற நாட்கள் அவை. அன்றிரவு என்ன கூத்து என்று கேட்டு, அந்தப் பகுதியைப் பகலில் சிறுவர் பாரதத்தில் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கர்ணன் மேடைக்கு வரும்போது அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். அதே மாதிரி, பார்ப்பதற்கு முன் படித்துவிட்டுப் போகலாம் என்ற இடங்கள் நிறைய இருக்கின்றன. சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த பாப்பாரப்பட்டி, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்கள், 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியதாக 2022-இல் அறிவிக்கப்பட்ட மயிலாடும்பாறை. ஒன்பதாம் வகுப்புக்கு, ஔவை நம் தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமானைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றை உரையோடு கொடுத்துப் பாருங்கள். "நம்ம ஊரா சார்?" என்று கேட்பார்கள்.

ஆசிரியரும் படிக்க வேண்டும்

பிள்ளைகளுக்குக் கொடுத்த புத்தகங்களில் குறைந்தது பாதியை நாம் மே மாதத்தில் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூனில் அவர்கள் பேசும்போது தலையாட்டத்தான் முடியும், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாம் 16 பக்கம், 32 பக்கம்தான், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் நமக்காக ஒரு புத்தகம், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், கோடையில் யார் என்ன படித்தோம் என்று எழுத. கணக்கு ஆசிரியர் எழுதியதைப் பார்த்து அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்த பையன்கள் உண்டு.

ஜூன்: நோட்டு வாங்காமல் உட்கார்வது

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குங்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக உட்காருங்கள். முதலில் நீங்கள் படித்த ஒன்றைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடிக்காத ஒரு பகுதியையும் சேர்த்து. அப்புறம் யாருக்குச் சொல்லத் தோன்றுகிறதோ அவர்கள் சொல்லட்டும். எத்தனை புத்தகம் என்று கேட்காதீர்கள். அதிகம் படித்தவருக்குப் பரிசு என்று வைத்தால், அடுத்த வருடம் பக்கம் புரட்டுகிற போட்டியாகிவிடும். பாதிப் புத்தகம் படித்தவர் அந்தப் பாதியைச் சொல்லட்டும். முடித்தவர் மீதியைச் சொல்ல முந்துவார், அவரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள், பாதியில் விட்டவர் புத்தகத்தைத் திரும்பக் கேட்பார்.

தொலைந்தவற்றுக்குத் திட்ட வேண்டாம், பதிவேட்டில் குறித்துக்கொண்டால் போதும். ஒரே ஒருமுறை திட்டினால்கூட அடுத்த ஏப்ரலில் அந்தப் பிள்ளை புத்தகமே எடுக்காது. திரும்பி வந்தவற்றில் எது அதிகம் நைந்திருக்கிறது என்று பாருங்கள், அடுத்த முறை வாங்க வேண்டியது அந்த மாதிரிப் புத்தகங்களைத்தான்.

போன ஜூனில் மாந்தோப்புக் காவலுக்குப் போன பையன் கொண்டுவந்த புத்தகத்தின் அட்டை மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. தோப்புக் குடிசையில் பழக் கூடை மேல் வைத்துப் படித்தேன் என்றான், பயந்துகொண்டே. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதினேன். அட்டையை மாற்றலாமா என்று எடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற பையன், "சார், அத எனக்குக் குடுங்க, அவன் தோப்புல எங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுனான், கடைசி மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டான்" என்றான். அடுத்த வரியில் அவன் பெயரை எழுதிக்கொண்டு, அட்டையை மாற்றாமலேயே கொடுத்துவிட்டேன்.